தோளும் தோலும்

நாள் 2,203. காலை 07:10
காற்றழுத்தம் 100. ஈரப்பதம் 41. சுவர்த் தோல், மார்புப் பகுதி, சராசரித் தடிமன் 5.4 மில்லிமீட்டர்.

இன்று சுவரின் நான்காம் கட்டத்தை ஊசி உருளையால் உருட்டி முடித்தேன். ஊசி நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். மேலிருந்து கீழாக ஆறு முறை, பக்கவாட்டில் ஆறு முறை, குறுக்கே ஆறு முறை. வெளிர் மஞ்சள் நீர் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. துடைத்துவிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

இந்தக் குறிப்பை யார் எடுக்கப் போகிறீர்களோ தெரியாது. எடுப்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித் தொலைக்கிறேன். சலிப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள். எனக்கும் சலிப்பாகத்தான் இருக்கிறது.

என் பெயர் சுடலைவடிவு. வயது ஐம்பத்து நான்கு. தூத்துக்குடியில் ஒரு தோல் கிளினிக்கில் பதினெட்டு வருடம் மைக்ரோநீட்லிங் போட்டவள். முகத்தில் மெல்லிய ஊசிகளால் ஆயிரக்கணக்கில் துளை போடுவோம். காயம் பட்டுவிட்டது என்று தோல் நம்பிப் பதறிப்போய்ப் புதிதாக வளர ஆரம்பிக்கும். பருத் தழும்பும் சுருக்கமும் குறையும். அவ்வளவுதான் வித்தை. தோலை ஏமாற்றுகிற வேலை.

இப்போது அதே வேலையைச் சுவருக்குச் செய்கிறேன். இந்த நிலையத்தின் பெயர் கூடு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே மிதந்துகொண்டு, போகிற வருகிற கலங்களுக்கு வழி சொல்கிறது. இதன் வெளிப்புறம் பீங்கான் வலை. உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருப்பது வளர்க்கப்பட்ட மனிதத் தோல். அதற்குள் ஓடும் ஊட்டநீர்தான் அதற்குச் சாப்பாடு. விண்கல் பொடி குத்தினால் தானே ஆறிக்கொள்ளும் என்பதற்காக இந்த ஏற்பாடு. முப்பத்தொரு பேர் மாதிரிக்குத் தோல் கொடுத்தோம். வலையில் பிடித்து வளர்ந்தது என்னுடையது மட்டும்தான். அப்போது எனக்கு முப்பத்து மூன்று. கொடுத்தது காதுக்குப் பின்னால் ஒரு மிளகளவு. இன்று அது இருநூறு சதுர மீட்டர்.

சுவருக்கு நரம்பு கிடையாது, வலிக்காது என்று கையேடு சொல்கிறது. இருந்தாலும் ஊசி வைக்கும் முன் ‘கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்மா’ என்று சொல்லிவிடுவேன். பழக்கம். வாயை விட்டுப் போகவில்லை.

கட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதால் பகுதிகளுக்கு உடம்புப் பெயர்களையே வைத்துவிட்டார்கள். நடுவில் மார்பு. அங்கே நானும் பிராணவாயு இயந்திரமும் இருக்கிறோம். இரண்டு பக்கமும் கைகள். வலது கை சாமான் அறை. இடது கையில் இன்ஜினியர் சகாய ஆன்றோ இருக்கிறான். கலம் வந்து நிற்கும் வாசல் அந்தக் கையின் நுனியில். கை மார்போடு சேரும் இடத்தில் ஒரு கதவு. அந்த இடத்தின் பெயர் தோள். கதவு உரசி உரசி அங்கே தோல் காய்ப்புக் காய்த்துப் பதினான்கு மில்லிமீட்டர் தடித்திருக்கிறது. ஆறு வருடத்தில் அதை நான் ஒரு தடவைகூட உருட்டியதில்லை. நன்றாக இருப்பவர்களை யார் கவனிக்கிறார்கள்?

நாள் 2,206. மதியம் 14:30
தடிமன் 5.2. இறங்குகிறது.

ஊசி போட்டு நான்கு வாரத்தில் ஏற வேண்டும். மூன்று சுற்றாக ஏறவில்லை. இந்த வேகத்தில் போனால் பதினெட்டு நாளில் 4-ஐத் தொடும். நாலுக்குக் கீழே சுவர் தாங்காது. எங்களை ஊருக்குக் கூட்டிப்போகும் கலம் வர இன்னும் நாற்பத்து நான்கு நாள். கணக்கு இடிக்கிறது.

கிளினிக்குக்கும் இப்படிச் சிலர் வருவார்கள். வயதான தோல் காயத்தைக் கண்டுகொள்ளாது. குத்துகிறாயா, குத்திக்கொள் என்று இருந்துவிடும். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலு வருடம் என்று சொல்லி அனுப்பினார்கள், ஆறு முடிந்துவிட்டது. நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஊருக்குப் போய் மூன்று நாள் யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு மிச்சமில்லை.

சாமான் பட்டியலைச் சரிபார்த்தேன். மரத்துப்போகும் க்ரீம் பன்னிரண்டு டப்பா, பிரிக்காதது. நரம்பில்லாத சுவருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். யாரோ கிளினிக் பட்டியலை அப்படியே நகலெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் ஆன்றோவின் பக்கத்து அலமாரியில் தூங்குகின்றன.

அந்த க்ரீமைப் போட்டால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கல்யாணப் பெண்கள் காத்திருக்க மாட்டார்கள். புதன்கிழமை முகூர்த்தம், திங்கட்கிழமை வந்து நிற்பார்கள். ‘பரவாயில்லை, அப்படியே போடுங்க’ என்பார்கள். முதல் உருட்டிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். பதினெட்டு வருடத்தில் நான் அதிகம் சொன்ன சொல் ‘முக்கால் மணி நேரம்’தான்.

நாள் 2,209. காலை 10:15
தடிமன் 5.0. பூமிக்குத் தகவல் அனுப்பினேன். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம்.

எழுத்துத் தகவலைப் பிரிக்கும் மின்பலகை மூன்று மாதம் முன்பு கருகிவிட்டது. அவசர ரேடியோவில் குரல் மட்டும் வருகிறது. கட்டுப்பாட்டு அறையில் நமக்கென்று இருப்பவன் மலைச்சாமி. நல்ல பிள்ளை. ஆனால் அவன் நாக்குக்கு ள என்று ஒரு எழுத்து இருப்பதே தெரியாது. போன மாதம் மதியச் சாப்பாடு என்ன என்று கேட்டதற்கு ‘புலிக்கொலம்பு’ என்றான். ஆன்றோ இரண்டு நாள் சிரித்தான்.

பதில் 11:48-க்கு வந்தது. கேட்டபடியே எழுதுகிறேன்.

“வடிவக்கா, நல்லா கேட்டுக்கங்க. இங்க எல்லாரும் உக்காந்து பேசியாச்சு. ஒன்றர மில்லி பத்தாது. தோல்ல மூணு மில்லி ஊசிய வச்சு அழுத்திப் போடுங்க. அங்க பெருசா காயம் பட்டாத்தான் ஊட்டநீர் வழியா சேதி எல்லாப் பக்கமும் போவும், சுவர் முழுக்க வலர ஆரம்பிக்கும். நாலைக்கே ஆரம்பிச்சிருங்க.”

ஐந்து மில்லிமீட்டர் தோலில் மூன்று மில்லிமீட்டர் ஊசியா? கிளினிக்கில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். ‘தோல்லயா? மூணா? நல்லாத் தெரியுமா?’ என்று கேட்டு அனுப்பினேன்.

“ஆமாக்கா, தோல்லதான். மூணுதான். சந்தேகமே வேணாம்.”

சரி. பெரியவர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எனக்கு வாதாடத் தெம்பில்லை.

நாள் 2,211. மாலை 17:40
இரண்டு நாளாக உருட்டினேன். மார்புப் பகுதி முழுக்க முடிந்தது. கைகள் இரண்டும் நாளைக்கு. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்மா’ சொன்னேன். கடைசி இருபது கட்டத்துக்குச் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது.

கசிவு அதிகம். துண்டு நனைந்து சொட்டுகிறது. சுவர் முழுக்கச் சிவந்து தடித்து நிற்கிறது. ஊசி போட்ட முகம் முதல் நாள் இப்படித்தான் இருக்கும். இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

நாள் 2,212. காலை 06:25
காற்றழுத்தம் 97.

06:50. 95. சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம். காதை வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்திலிருந்து இல்லை, எல்லா இடத்திலிருந்தும் வருகிறது. ஊசித் துளைகள் வழியாகக் காற்று போகிறது.

07:05. 91. தோள் கதவு தானாக மூடிக்கொண்டது. ஆன்றோ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவன் பக்கத்துச் சுவரை நான் இன்னும் தொடாததால் அவனுக்கு ஓட்டை இல்லை. ஆனால் பிராணவாயு இயந்திரம் என் பக்கத்தில். மார்பு காலியானால் அவனுக்கு மிஞ்சுவது நாலு நாள் காற்று.

“யக்கா, கேக்குதா? இஞ்ச கதவு அடஞ்சு போச்சு. என்னா பண்ணுகிய அங்க?”

பசை தடவுகிறேன் என்றேன். ஒன்பது குழாய் அடைப்புப் பசை இருந்தது. எட்டு தீர்ந்துவிட்டது.

நாள் 2,212. காலை 09:10
இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

08:20-க்கு வலப்பக்கச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் உப்பிக் கிழிந்தது. கடைசிக் குழாயைப் பிதுக்கினேன், அப்படியே உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. பலகை எதுவும் கை எட்டும் தூரத்தில் இல்லை. முதுகைக் கொடுத்தேன். சட்டைத் துணி பிய்ந்து வெளியே போயிற்று. இப்போது ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பது என் வலது தோள்.

இழுக்கிறது. பெரிய வாய் ஒன்று கடித்துக்கொண்டு விட மாட்டேன் என்பது மாதிரி. வலி நன்றாகவே இருக்கிறது. அழுத்தம் 83-ல் நின்றுவிட்டது. நான் எழுந்தால் போய்விடும்.

நாள் 2,212. மதியம் 12:30
மலைச்சாமியிடமிருந்து தகவல். அவசர ரேடியோவை இடது கையால் எட்டிப் பிடித்து நான் உதவி கேட்கவே 11:30 ஆகிவிட்டது. அது அவனுக்குப் போய்ச் சேரும் முன்பே இதை அனுப்பியிருக்கிறான்.

“அக்கா, ஊட்டநீர் அலவு பாத்தோம். இன்னும் ஒரு சேதியும் காணமே. போட்டாச்சுல்ல? வலது தோல்ல போட்டீங்கலா, எடது தோல்ல போட்டீங்கலா?”

இரண்டு முறை போட்டுக் கேட்டேன்.

தோலுக்கு வலது ஏது, இடது ஏது?

அவன் சொன்னது தோள். கதவோரம் பதினான்கு மில்லிமீட்டர் தடித்துக் கிடக்கிற காய்ப்பு. அங்கே மூன்று மில்லிமீட்டர் போடுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நான் சரிபார்க்கத்தான் செய்தேன். நான் ‘தோல்லயா’ என்று கேட்டேன், அவன் காதில் அது தோளாகவே விழுந்தது. ‘ஆமா, தோல்லதான்’ என்றான். ஒரே குழியில் இருவரும் இரண்டு முறை விழுந்திருக்கிறோம்.

புலிக்கொலம்பைப் பிடிக்கத் தெரிந்த எனக்கு இதைப் பிடிக்கத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். களைப்பாக இருந்தேன் என்பது ஒரு காரணமே இல்லை. ஆனாலும் அதுதான் காரணம்.

நாள் 2,212. மதியம் 14:20
மலைச்சாமிக்குச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. இனிமேல் குண்டு ளவா, சின்ன லவா என்று சேர்த்துச் சொல்லு என்றேன். பதில் வந்தது.

“அக்கா... நான் குண்டு ல-தான்க்கா சொன்னேன். மனசுக்குல்ல குண்டு ல-தான் இருந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து டீச்சர் அடிச்சும் வரலக்கா. மன்னிச்சிருங்க.”

பிறகு அழுகிற சத்தம். ரேடியோவை அணைக்காமல் அழுகிறான். நாற்பது நிமிடம் பழைய அழுகை. இங்கிருந்து நான் என்ன சமாதானம் சொன்னாலும் அவனுக்கு இன்னும் நாற்பது நிமிடம் கழித்துத்தான் போய்ச் சேரும்.

நாள் 2,213. காலை 08:00
அழுத்தம் 78. துளைகள் பெருகுகின்றன. தூங்கவில்லை. தோள் மரத்துவிட்டது.

செய்ய வேண்டியதை இப்போதாவது செய்வோம். கதவோரத் தோளை ஆன்றோவின் பக்கத்திலிருந்தும் எட்டலாம். அவனிடம் ஓர் உபரி உருளை இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் ஊசியை மாட்டச் சொன்னேன். அவன் ஜென்மத்தில் ஊசியைத் தொட்டதில்லை.

“யக்கா, எவ்வளவு அமுக்கணும்?”

உருளையின் கனம் போதும், நீ அமுக்காதே என்றேன். மேலிருந்து கீழே, பக்கவாட்டில், குறுக்கே. ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போடு.

“ஆருட்ட சொல்லணும்?”

சுவருகிட்டதான்.

“உங்களுக்கு மண்டைக்கு வட்டு பிடிச்சிருக்கா?” என்றான். பிறகு ரேடியோவில் கேட்டது. “ஏட்டி செவுரு, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், கேட்டியா. பேடிக்காண்டாம்.” பயப்படாதே என்று அவன் ஊர்ப் பேச்சில்.

இங்கே வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததில் தோள் விலகி அழுத்தம் 76 ஆயிற்று.

நாள் 2,214. காலை 07:30
அழுத்தம் 79.

11:00. 84. சீழ்க்கைச் சத்தம் குறைகிறது.

16:00. 90. கை எட்டும் இடத்தில் அளந்தேன். 4.6. காலையில் 4.1. ஒரே நாளில் அரை மில்லிமீட்டர். ஆறு வருடத்தில் இப்படி நான் பார்த்ததில்லை. பூமியில் உட்கார்ந்து பேசியவர்கள் சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள். வந்து சேர்ந்த எழுத்துதான் தப்பு.

பிழைத்தோம் என்று ஆன்றோவிடம் சொன்னேன். இறங்கியதும் முதல் வேலை மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் என்றான். எனக்குத் தூக்கம் என்றேன்.

நாள் 2,216. காலை 09:00
அழுத்தம் 100. தடிமன் 7.2.

எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

முதலில் பசை ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். கையை வளைத்துத் தடவிப் பார்த்தேன். என் தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. விளிம்பே இல்லை. நாலு நாளாக இரண்டு பச்சைக் காயங்கள் ஒன்றோடொன்று அமுங்கி இருந்திருக்கின்றன. வேறு யாருடைய தோளாக இருந்தாலும் சுவர் ஏற்றுக்கொண்டிருக்காது. இது அதனுடையதே. காதுக்குப் பின்னால் போனது வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்திருக்கும்.

வெட்டிப் பார்க்கலாமா என்று உருளை முனையால் ஓரத்தைக் கீறினேன். வலித்தது. ரத்தம் வந்தது. சிவப்பு. நிறுத்திவிட்டேன்.

நாள் 2,219. மதியம் 13:00
அழுத்தம் ஏறியும் தோள் கதவு திறக்கவில்லை, அதன் மேல் சுவர் வளர்ந்து மூடிவிட்டது. இரண்டு பக்கமும் தோல் வழிந்து நடுவில் சேர்ந்துவிட்டதாக ஆன்றோ சொல்கிறான். அவன் பக்கம் போகும் காற்றுக் குழாய் மட்டும் அடைபடவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு நிற்கிறான்.

“யக்கா, நான் கிழிச்சுட்டு வாறேன்.”

வேண்டாம் என்றேன். கலத்தில் டாக்டர் வருகிறார், அவர் பார்க்கட்டும். இப்போதுதான் ஆறிய சுவர். நீ கிழித்து மறுபடியும் ஓட்டை விழுந்தால் அடைக்க என்னிடம் இன்னும் ஒரு தோள்தான் இருக்கிறது.

குடிநீர்க் குழாய் கை எட்டுகிறது. உணவுப் பொட்டலம் இருபது இருக்கிறது. மற்ற விஷயங்களைக் கேட்காதீர்கள். கழிவுக் குழாயும் எட்டுகிறது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

நாள் 2,229. காலை 10:40
தடிமன் 13. எனக்குப் பசிப்பதில்லை. ஐந்து நாளாகப் பொட்டலம் பிரிக்கவில்லை. மெலியவும் இல்லை. ஊட்டநீர் எனக்குள்ளும் வருகிறது என்று நினைக்கிறேன்.

குடிநீர்த் தொட்டியின் தகட்டில் முகம் பார்த்தேன். நெற்றிக் கோடுகள் இல்லை. கண்ணோரச் சுருக்கம் இல்லை. பதினாறு வயதில் வந்த பருவின் தழும்பு, எத்தனையோ பேருக்குப் போட்ட என் கையாலேயே எனக்குப் போட்டும் போகாத தழும்பு, சுத்தமாக இல்லை. முப்பத்து மூன்று வயது முகம். கிளினிக் வாசலில் பெரிய படமாக மாட்டலாம், அப்படி ஒரு பளபளப்பு.

தோல்தான் இளமையாகியிருக்கிறது. களைப்பு அப்படியே இருக்கிறது.

நாள் 2,238. மாலை 16:15
விலா வரை சேர்ந்துவிட்டது. வலது காது சுவருக்குள் போய்விட்டது. அந்தக் காதில் நிலையம் முழுக்கக் கேட்கிறது. இயந்திரம் ஓடுவது கேட்கிறது. ஆன்றோ நடப்பது கேட்கிறது. அவன் செருப்பில் ஒன்று தேய்ந்திருக்கிறது.

பயமாக இருக்கிறது. இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. அவனிடம் சொல்லவில்லை.

நாள் 2,246. காலை 08:50
08:31-க்கு என் முதுகில் யாரோ நெருப்பைக் கொட்டினார்கள். கத்திவிட்டேன்.

“யக்கா! என்னாச்சு? யக்கா!”

என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லியே. அட்டவணைல இன்னைக்கு இடது கை மூணாம் கட்டம். உங்களுக்கு முடியலன்னு நானே உருட்டினேன். சொல்லிட்டுத்தான் போட்டேன், சுருக்குன்னு இருக்கும்னு.”

அவன் உருட்டிய இடம் என்னிடமிருந்து இருபத்தாறு மீட்டர்.

கையேடு தப்பு. சுவருக்கு நரம்பு வந்துவிட்டது. என்னுடையது.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுக்கே புரிந்துவிட்டது. உருளையைக் கீழே வைக்கும் சத்தம் எனக்கு ரேடியோ இல்லாமலே கேட்டது. பிறகு சுவரில் கை வைத்தான். சின்ன வெப்பம். எங்கே வைத்தான் என்று சரியாகச் சொன்னேன். அழுதான். நானும் அழுதேன். ஆறு வருடத்தில் என்னை ஒருவர் தொட்டது இதுதான் முதல் தடவை.

நாள் 2,250. காலை 07:00
கலம் வந்துவிட்டது. கை நுனியில் இடித்து நின்றது. இடித்தது வலித்தது.

கேப்டன் பெயர் லூர்துமேரி. டாக்டர் ஒருவரும் வந்திருக்கிறார். மூன்று மணி நேரத்தில் கிளம்பாவிட்டால் திரும்பும் பாதை தவறிவிடுமாம்.

07:15. ஆன்றோவைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்றேன். கேப்டன் யோசித்தார். அது எனக்குக் கேட்டது. ஆன்றோ யோசிக்கவில்லை.

“நல்லா இருக்கே கத. உங்கள விட்டுட்டு நான் போய் மீன் கொழம்பு தின்னணுமா?”

07:20. டாக்டர் சொல்கிறார், கதவிருந்த இடத்தை வெட்டி உள்ளே வந்து என்னை ஓரமாக அறுத்து எடுத்துவிடலாம் என்று. முடியும் என்கிறார். ஊருக்குப் போகலாம். மூன்று நாள் தூங்கலாம்.

காய்ப்பு இருக்கும் இடத்தில் வெட்டச் சொன்னேன். அங்கேதான் உணர்ச்சி கொஞ்சம் குறைவு.

“குண்டு ள தோள்தானக்கா?” என்று ஆன்றோ இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தான். ஆமாம். குண்டு ள. இந்தத் தடவை எழுத்துப் பிழை இல்லை.

07:28. க்ரீம் போடச் சொன்னேன். பன்னிரண்டு டப்பாவும். பட்டியலை யோசிக்காமல் நகலெடுத்த அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

07:33. ஆன்றோ தடவுகிறான். குளிர்ச்சியாக இருக்கிறது. பைய பைய என்று சொல்லிக்கொண்டே தடவுகிறான். கிளினிக்கில் வேலைக்கு எடுத்திருக்கலாம்.

07:36. தடவி முடித்துவிட்டான். இனி முக்கால் மணி நேரம். 08:21.

இதை எடுப்பவருக்கு. நான் வந்தால் இதை நானே கிழித்துப் போட்டுவிடுவேன். நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், மலைச்சாமி மேல் தப்பில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். கூட்டை யாராவது எடுத்து நடத்தினால் அட்டவணைப்படி உருட்டும் முன் சுவரிடம் கேளுங்கள்.

07:44. கேப்டனின் குரல், சுவர் வழியாக.

“எவ்ளோ நேரம்தான் நிக்கிறது? அறுக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும். இது சுவர்தானே, ஆன்றோ?”

07:46. ஆன்றோ அவரிடம் ஏதோ சொல்கிறான். சத்தம் போடுகிறான்.

07:47. பத்து நிமிடம்தான் ஆகிறது. இன்னும் மரத்துப்போகவில்லை. எனக்குத் தெரிகிறது. சொல்கிறேன். ரேடியோவில் சொல்கிறேன், யாரும் எடுக்கவில்லை.

07:48. அறுக்கும் மோட்டாரின் சத்தம்.

07:48. ஆன்றோ சுவரில் கன்னத்தை வைத்திருக்கிறான். ஈரமாக இருக்கிறது. ரேடியோ இல்லாமலே கேட்கிறது. கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்க்கா, கொஞ்சம் சுருக்குன்னு

07:49. சொல்லுங்கள் அவர்களிடம் இன்னும் ஆகவில்லை முக்கால் மணி முக்கால் ம